மாஸ்ரரைக் கேளுங்கள்: கண்ணாடிச் சில்லுகளின் ஊர்

சென்ற இதழில் இத்தாலியில் உள்ள ரவென்னா என்ற ஊரைப்பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பழைய ஆலயச் சுவர்களில் மொசைக், அதாவது சிறு கண்ணாடிச் சில்லும் கல்லும் பதித்துச் செய்த படங்கள், உள்ள ஊர் அது. பெறாமகள் ஒருத்தி பொலோஞ்ஞாவில் இருக்கிறாள். அவளிடம் போய் ஒரு மாதம் நின்றபோது, அதில் மூன்று நாள் ரவென்னாவில் கழிந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவனுக்கு அந்த ஊர் என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு முன்சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மகன் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறான். என்னையும் இவரையும் கூப்பிடுவதற்கு அலுவல் பார்க்கிறான். ரோமும் வெனிசும் காட்டுவானாம். நீங்கள் ஏன் ஒருவருக்கும் பெயர் தெரியாத ஊருக்குப் போகச் சொல்கிறீர்கள்? போனால் எத்தனை நாள் வேண்டும்? (கோப்பாயிலிருந்து ஒரு தாயார்)

அம்மா, உள்ளதைச் சொல்கிறேன். மகன் பலெர்மோவில் என்றால், மொசைக் பார்க்க நீங்கள் ரவென்னா வரை போகத்தான் வேண்டும் என்றில்லை. பலெர்மோவுக்குப் பக்கத்திலேயே மலைச்சரிவில் மொன்ரியாலே இருக்கிறது. அங்குள்ள பேராலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆறாயிரம் சதுர மீற்றருக்கு மேல் சுவர் முழுவதும் பொன் மொசைக். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு அதுவே போதும். எங்கள் சனம், சைவக்காரர் உட்பட, நேர்த்தி வைத்து ஏறுகிற சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் மலையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. மகன் எப்படியும் உங்களை அங்கே கொண்டுபோவான்.

ஆனால் ரவென்னா அதைவிட 600 வருடம் மூத்தது. 402இல் மேற்கு ரோமப் பேரரசன் ஹொனோரியஸ் தன் தலைநகரத்தை மிலானிலிருந்து அங்கே மாற்றினான். காரணம் அழகல்ல, பயம். வடக்கிலிருந்து படைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ரவென்னாவைச் சுற்றிச் சதுப்பும் களப்பும், ஒரு பக்கம் கடல். அரசன் ஒளிந்திருக்க நல்ல இடம். 476இல் மேற்கு ரோம ஆட்சி விழுந்தது. 493இல் ஜேர்மானிய இனத்தவரான கோத்தியர்களின் அரசன் தெயோடெரிக் ஊரைப் பிடித்தான். 540இல் கொன்ஸ்தாந்திநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசன் யுஸ்தினியானின் படை பிடித்தது. 150 வருடத்துக்குள் மூன்று விதமான ஆட்கள் வந்து, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கோயிலைக் கட்டினார்கள். பிறகு கடலே பின்வாங்கிவிட்டது. துறைமுகம் தூர்ந்தது. ஊர் ஒதுக்குப்புறமாகிவிட்டது, அதனால் எல்லாம் தப்பியது. 1996இல் யுனெஸ்கோ எட்டு இடங்களை ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு இரவு தங்குங்கள். வெனிசிலிருந்து காலையில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்களைப் பார்த்தேன். ஓடி ஓடிப் பார்த்தார்கள். அப்படியென்றால் வராமலே இருக்கலாம்.

ஒன்று மட்டும் கட்டாயம். கல்லா பிளாசிடியாவின் கல்லறை என்று சொல்கிற சிறு கட்டடம். வெளியில் பார்த்தால் செங்கல்லில் கட்டிய பண்டகசாலை மாதிரி இருக்கும். உள்ளே ஒரு தடவையில் சிலரைத்தான் விடுவார்கள், ஐந்து நிமிடம் நிற்கலாம். நேரத்தை முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். நான் விட்ட பிழையை நீங்கள் விடக்கூடாது. உச்சி வெயிலில் நின்றுவிட்டு நேராக உள்ளே போனேன். கும்மிருட்டு. மூக்குக்கண்ணாடி வேறு வியர்வையில் மங்கிவிட்டது. சேட்டு நுனியால் அதைத் துடைத்துப் போட்டு, கண் பழகி, மேலே நீலம் தெரியத் தொடங்கும்போது வாசலில் நின்ற பெண் கையைத் தட்டினாள். ஐந்து நிமிடம் முடிந்தது. அடுத்த நாள் திரும்பவும் ரிக்கற் எடுத்தேன். இந்த முறை வெளியே மர நிழலில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர் எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இருந்தாலும் அது பலித்தது. உள்ளே போனவுடனேயே வானம் முழுவதும் தெரிந்தது. கரும் நீலம், அதில் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான பொன் நட்சத்திரங்கள், நடுவில் ஒரு சிலுவை. யன்னல்களில் கண்ணாடி இல்லை, மெல்லிய அலபாஸ்டர் கல்தான் இருக்கிறது. வெளிச்சம் அதனூடாக வரும்போது தேன் நிறமாகிவிடுகிறது. அந்தக் கல் 20ஆம் நூற்றாண்டில் பொருத்தியது, நீலம் 5ஆம் நூற்றாண்டினுடையது.

கல்லா பிளாசிடியா யார் என்றால், ஹொனோரியசின் தங்கை. 410இல் ரோமைச் சூறையாடிய கோத்தியர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களின் அரசனையே கட்டினாள். அவன் கொலைப்பட்டபின் திரும்பி வந்து ஒரு ரோமத் தளபதியைக் கட்டினாள். பிறகு சின்ன மகனுக்காகப் பன்னிரண்டு வருடம் பேரரசை ஆண்டாள். 450இல் ரோமில் இறந்தாள், பெரும்பாலும் அங்கேயே அடக்கியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆக, கல்லறை அவள் பெயரில், அவள் அதற்குள் இல்லை.

விசாவுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள், நிற்பதற்கு ஆகக்கூடியது 90 நாள். மற்றதெல்லாம் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கண்ணாடியை எப்படிப் பொன்னாக்கினார்கள் சேர்? 1500 வருடமாக நிறம் மங்காமல் இருக்குமா? போனில் பார்த்தேன், பளபள என்றுதான் இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. (சித்திரம் படிக்கும் மாணவி, திருநெல்வேலி)

பிள்ளை, கடைசி வரியை நீ எழுதியிருக்கக் கூடாது. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். சுவரில் சுண்ணாம்புச் சாந்தை இரண்டு மூன்று படையாகப் பூசுவார்கள். கடைசிப் படையை முழுச் சுவருக்கும் பூசமாட்டார்கள். அன்றைக்கு எவ்வளவு பதிக்கலாமோ அவ்வளவுக்கு மட்டும்தான். ஈரம் காயமுன் சில்லுகளை அமத்த வேண்டும். இந்தச் சுண்ணாம்பு விசயம் எங்களுக்குப் புதிதல்ல. சிப்பி சுட்டு, நீற்றி, அரைத்த சாந்தில் கட்டிய வீட்டில்தான் என் பேரனார் இருந்தார். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

நிறச் சில்லு கண்ணாடி. நிறம் அதன்மேல் பூசியதில்லை. உருக்கும்போதே உள்ளே போட்டுவிடுவார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, ஊதாவுக்கு மங்கனீசு. சாயம் வெயிலில் மங்கும், கண்ணாடிக்குள் இருக்கிற உலோகம் மங்காது. பொன்னுக்கு வேறு வழி. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஊதினால் பறக்கிற அளவு மெல்லிய பொன் தாளை விரித்து, அதன் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடியை வைத்துச் சூளையில் ஒட்டவைப்பார்கள். பொன் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. காற்றும் படாது, கையும் படாது. அப்புறம் உளி நுனியில் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சதுரம் சதுரமாக உடைப்பது. முகங்களுக்குக் கண்ணாடியைவிடக் கல் நல்லது, அது மினுங்காது. முகத்துக்குரிய சில்லுகள் மிகச் சிறியவை. சுவரில் உள்ள, யுஸ்தினியானின் அரசி தெயோடோராவின் நகையில் முத்துக்குப் பதில் சிப்பியின் உட்பக்கத்தையே வெட்டிப் பதித்திருக்கிறார்கள்.

முழுவதும் பழையதுதான் என்று நினைத்துவிடாதே. கழன்று விழுந்ததைப் பல காலத்தில் பலர் திருத்தியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில், 1916இல், ஒரு ஆலயத்தின் மேல் குண்டே விழுந்தது.

இப்போது உன் போனுக்கு வருவோம். பொன் சில்லுகளைச் சமமாகப் பதிக்கவில்லை. வேண்டுமென்றே ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் சரித்து வைத்திருக்கிறார்கள். சுவரே அலை அலையாக இருக்கிறது. நம்மூரில் மேசன் இப்படி மாபிள் பதித்தால் கூலி கொடுக்கமாட்டோம். சான் வித்தாலே ஆலயத்தில் நான் ஒரு தூணருகே நின்று பார்த்தபோது அரசன் யுஸ்தினியானின் தலைக்குப் பின்னால் இருந்த பொன் கறுத்துக் கிடந்தது. இரண்டு எட்டு இடப்பக்கம் வைத்தேன். அப்படியே பற்றிக்கொண்டது. திரும்பவும் இரண்டு எட்டு வைத்தேன், அங்கே அணைந்து தோளில் எரிந்தது. சுவர் அசையவில்லை, நான்தான் அசைந்தேன். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கு ஆட ஆட அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பார். நல்லூரில் இரவுப் பூசையில் தீபம் மேலே போய்க் கீழே வரும்போது முருகனின் வேல் ஒவ்வொரு இடமாக மினுங்குமே, அதுதான் எனக்குத் தெரிந்த உவமை.

படம் ஒரு இடத்தில் நின்று ஒரு நொடியில் எடுத்தது. அந்தச் சுவரைச் செய்தவன் நடக்கிற ஆளுக்காகச் செய்தான். ஒரு சிறிய தூரக்கண்ணாடி கொண்டுபோ, சில்லுகள் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றன என்பது தெரியும். போனைப் பைக்குள் வை.

கேள்வி: கீரிமலையும் நல்லூரும் இருக்க, காசு செலவழித்து வேதக்கோயில் பார்க்கப் போவானேன்? (வண்ணார்பண்ணை வாசகர்)

கீரிமலைக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

கேள்வி: யுஸ்தினியானும் தெயோடோராவும் சுவரில் இருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் ரவென்னாவில் இருந்தார்களா? அவர்களுக்கு முன் ஆண்ட தெயோடெரிக்கின் படம் எங்கே? (ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், பருத்தித்துறை)

நல்ல கேள்வி. படிப்பித்த ஆள் என்பது தெரிகிறது.

இருவரும் ரவென்னாவில் கால் வைக்கவே இல்லை. கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்துகொண்டே பிடித்த ஊர் அது. சான் வித்தாலே ஆலயம் 547இல் திறந்தது. அடுத்த வருடமே தெயோடோரா இறந்துவிட்டாள். சுவரில் அவள் இன்னும் பொற்கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். அவளுடைய அங்கியின் கீழ்க் கரையில் மூன்று ஞானிகள் குழந்தை யேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோகிறார்கள், அதுவும் சில்லுகளால். எதிர்ச் சுவரில் யுஸ்தினியானும் பரிவாரமும். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது: மக்சிமியான், ஆலயத்தைத் திறந்த ஆயர். அரசனுக்குப் பெயர் போடவில்லை, தனக்குப் போட்டுக்கொண்டார். கல்வெட்டு வைக்கிற பழக்கம் எங்கள் அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். உண்மையில் காசு கொடுத்தவர் யூலியஸ் அர்ஜென்தாரியஸ் என்ற வட்டிக்கடைக்காரர். 26,000 பொற்காசு கொடுத்தார் என்று பழைய பதிவு சொல்கிறது.

தெயோடெரிக்கின் கதைதான் என்னை மூன்று நாளும் விடவில்லை. தன் அரண்மனைப் பக்கத்தில் அவன் கட்டிய ஆலயத்துக்கு இன்று சான்த் அப்பொலினாரே நுவோவோ என்று பெயர். அதன் நீண்ட சுவரில் ஒரு பக்கம் 22 கன்னியர், மறு பக்கம் 26 தியாகிகள், வரிசையாகப் போகிறார்கள். தியாகிகளின் வரிசை தொடங்குகிற மூலையில் அவனுடைய அரண்மனை இருக்கிறது. தூண்களும் வளைவுகளும் நன்றாகத் தெரியும், மேலே "பலாத்தியும்" (லத்தீனில் அரண்மனை) என்று எழுதியும் இருக்கிறது. வளைவுகளுக்கு நடுவில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும். இப்போது வெள்ளைத் திரைச்சேலைகள் தொங்குகின்றன.

தெயோடெரிக் ஆரியன் பிரிவுக் கிறிஸ்தவன். (நம்மூர் ஆரியச் சக்கரவர்த்திகளோடு குழப்பவேண்டாம், இது ஆரியுஸ் என்ற குருவின் வழி வந்த பெயர்.) அவனுக்குப் பிறகு ஊரைப் பிடித்த கொன்ஸ்தாந்திநோபிள்காரருக்கு அது மதத்துரோகம். அதனால் அவனையும் அவனுடைய ஆட்களையும் சில்லுச் சில்லாகக் கிண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திரையைப் பதித்தார்கள். வேலை சுத்தம்தான். ஆனால் சில ஆட்களின் கை தூண்களுக்கு முன்னால் நீட்டியபடி இருந்திருக்கிறது. தூணைக் கெடுக்காமல் அந்தக் கையை எடுக்க முடியாது. சோம்பலோ, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணமோ, விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் வெள்ளைத் தூண்களில் ஆள் இல்லாத கைகள் இருக்கின்றன. ஒரு இடத்தில் விரல்கள் மட்டும்.

நான் கீழே நின்று தூரக்கண்ணாடியால் ஒவ்வொரு தூணாகத் தேடினேன். தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. ஆனால் படலைத் தூணில், சீமெந்து காயமுன் தங்கச்சி சிறுவயதில் பதித்த கை அப்படியே இருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத வரவில்லை.

தெயோடெரிக்கின் கல்லறையும் ஊருக்கு வெளியே இருக்கிறது. பத்து மீற்றருக்கு மேல் விட்டமுள்ள ஒரே கல்லைக் கடலுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து கூரையாக வைத்திருக்கிறான். அதைப் பிடுங்க ஒருவராலும் முடியவில்லை. உள்ளே அவன் இல்லை.

கேள்வி: மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அங்கே என்ன செய்வது? எனக்கு முழங்கால் வருத்தமும் உண்டு. (சுன்னாகம் வாசகி)

அந்தப் பக்கத்துச் சாப்பாடு பியாதினா. எங்கள் கோதுமைமா ரொட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம், மெல்லியது, மடித்துத் தருவார்கள். உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற புளிப்பான இளம் சீஸும் கீரையும் வைத்துக் கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: மாவைப் பன்றிக் கொழுப்பில் பிசைவதுதான் அங்கத்தைய வழக்கம். ஒலிவ் எண்ணெயில் பிசைந்ததும் உண்டு. "ஸ்த்ருத்தோ" இல்லாததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் இரண்டு நாள் சாப்பிட்டேன். மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தை அவள் வாசிப்பதில்லை.

முழங்காலுக்குப் பயமில்லை. தரை யாழ்ப்பாணம் மாதிரித் தட்டை. எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள், எழுபது வயது அம்மாமார் கூடக் கூடையில் லீக்ஸோடு போகிறார்கள். பெற்றோல் இல்லாத காலத்து எங்கள் கே. கே. எஸ். வீதி நினைவுக்கு வந்தது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போடுங்கள், உங்களுக்கு அது சொல்லத் தேவையில்லை. புல்வெளியில் ஆடுகள் மேய்கிற பச்சை மொசைக் உள்ள கிளாசே ஆலயம் சில கிலோமீற்றர் தள்ளி, அதற்குப் பஸ் உண்டு.

கேள்வி: ரயிலில் தண்டம் கட்டினேன் என்று போகிற போக்கில் எழுதினீர்கள். என்ன நடந்தது? (கொக்குவில், பெயர் வேண்டாம் என்கிறார்)

என் பிழைதான். உள்ளூர் ரயிலுக்குக் கடுதாசி ரிக்கற் எடுத்தால், ஏறமுன் மேடையில் உள்ள சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். பெறாமகள் இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள். நான் யன்னல் சீற் பிடிக்க ஓடினேன். பொலோஞ்ஞாவிலிருந்து ரவென்னாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதில் பாதியை ரிக்கற் பரிசோதகரோடு கையால் கதைத்தே கழித்தேன். தண்டத் தொகையை எழுதமாட்டேன், மனிசி இந்தப் பக்கத்தை ஒருவேளை வாசித்தாலும் வாசிப்பாள்.

கேள்வி: கோயிலுக்குள் மீன் நீந்துகிறது என்று எழுதினீர்கள். உண்மையாகவா? (பத்தாம் வகுப்பு மாணவன், சாவகச்சேரி)

உண்மை தம்பி. சான் பிரான்செஸ்கோ ஆலயம். தாந்தே என்ற பெரிய இத்தாலியப் புலவர் சொந்த ஊரான புளோரன்சிலிருந்து துரத்தப்பட்டு, 1321இல் ரவென்னாவில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கு அந்த ஆலயத்தில்தான் நடந்தது. பக்கத்திலேயே கல்லறை. புளோரன்ஸ்காரர் பிறகு மனம் மாறி எலும்பைத் தா என்று கேட்டார்கள். ஒருமுறை போப்பின் அனுமதியோடு வந்து பெட்டியைத் திறந்தால், வெறும் பெட்டி. துறவிகள் முன்பே எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865இல் சுவருக்குள் இருந்து தற்செயலாகக் கிடைத்தது. இப்போது புளோரன்ஸ் வருடா வருடம் அந்தக் கல்லறை விளக்குக்கு எண்ணெய் மட்டும் அனுப்புகிறது.

மீனுக்கு வருகிறேன். அந்த ஊர் நிலம் மெல்ல மெல்லத் தாழ்கிறது, சதுப்பில் கட்டியதல்லவா. பல இடங்களில் பழைய தரை இன்றைய தரைக்குக் கீழே போய்விட்டது. சான் பிரான்செஸ்கோவின் பீடத்துக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அதற்குள் நிலத்தடி நீர் வந்து நிற்கிறது. சின்ன யன்னலால் குனிந்து பார்க்க வேண்டும். இருட்டு. பக்கத்தில் உள்ள பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் லைற் எரியும். தெளிந்த நீர், அடியில் பழைய மொசைக் தரை, அதில் எழுத்துகள், அதற்கு மேல் செம்மஞ்சள் மீன்கள் அவசரமில்லாமல் போய் வருகின்றன. ஒரு மீன் ஒரு எழுத்தின் மேல் வந்து நின்றது. அது என்ன எழுத்து என்று பார்க்கக் கண்ணை இடுக்கினேன். லைற் அணைந்துவிட்டது. சட்டைப் பையில் தேடினேன், சில்லறை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற சின்னப் பெட்டை தகப்பனிடம் காசு கேட்டுக்கொண்டிருந்தாள்.